அறுந்த கம்பியும் காத்திருக்கும் கடிதமும்

ஆனி பிறந்து, மேற்கு மலையைத் தாண்டி வரும் காற்று கம்பம் பள்ளத்தாக்கில் விசையெடுக்கும் நாட்களில், சின்னமனூரில் வாழைத்தோட்டக்காரர்கள் மரங்களுக்கு முட்டுக் கொடுக்க விரைவது போலவே, சொந்தமாக மெயில் சர்வர் வைத்துத் தொழில் நடத்துகிற ஸ்தாபனங்களுக்கும் ஒரு கவலை பிறந்துவிடுகிறது. கிளை முறிந்து கேபிள் மேல் விழுகிறது. மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கிறது. வெளியூர் வியாபாரிக்கு அனுப்பிய விலைச்சீட்டு போய்ச் சேர்ந்ததா, நடுவழியில் மாண்டதா என்பது தெரியவில்லை.

இணையம் அறுந்தால் கடிதமும் அழிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, மின்னஞ்சல் பிறந்ததே அறுந்து அறுந்து ஓடும் கம்பிகளின் மேல்தான் என்பதாகும். 1982-ல் ஜான் போஸ்டல் அதன் விதிகளை எழுதியபோது இடைவிடாத இணைப்பு என்பது அரிய பொருள். நம் நாட்டிலும், 1986-ல் தொடங்கிய எர்நெட் திட்டத்தின் ஆரம்ப காலத்தில், ஐ.ஐ.டி. போன்ற கல்வி நிலையங்கள் தொலைபேசி வழியே அவ்வப்போது ஒன்றையொன்று அழைத்துத்தான் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன.

இரண்டு சர்வர்களுக்கிடையே நடக்கும் சம்பாஷணையைச் சற்று அருகிருந்து பார்ப்போம். கடிதம் முழுவதையும் அனுப்பிய பிறகு, அனுப்பும் சர்வர் தனி வரியில் ஒற்றைப் புள்ளி ஒன்றை வைக்கிறது. பெறும் சர்வர் கடிதத்தைத் தன் வட்டில் எழுதிக்கொண்டு, 250 என்ற எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அந்த எண்ணைச் சொன்ன கணத்திலிருந்து கடிதத்துக்கு அதுவே பொறுப்பாளி: உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும், இயலாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். புள்ளிக்கும் 250-க்கும் இடைப்பட்ட நேரத்தில் கம்பி அறுந்தால், அனுப்பியது பதிலைக் கேட்காமையால் மறுபடியும் அனுப்பும். ஒரே கடிதம் இருமுறை வந்து சேர்வதன் காரணங்களில் இது முக்கியமானது. ஆகையால் புள்ளிக்குப் பின் பதிலுக்காக 10 நிமிஷமாவது காத்திருக்கும்படி விதி கூறுகிறது. இணைப்பு மந்தமாயிருக்கிறதே என்று அந்த அவகாசத்தைக் குறைப்பவர், நோயை விட்டுவிட்டு நோயாளியை வதைக்கிறார்.

எதிர்ச் சர்வரை எட்டவே முடியாதபோது கடிதம் வரிசையில் நிற்கிறது. மறுமுயற்சிகளுக்கிடையே பொதுவாக 30 நிமிஷமாவது இடைவெளி வேண்டும், 4, 5 நாட்களுக்கு முன் கைவிடலாகாது என்பது விதியின் அறிவுரை. வீட்ஸே வெனேமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், சில நிமிஷங்களில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை இடைவெளியை நீட்டிக்கொண்டே போய், ஐந்து நாள் விடாமல் முயல்கிறது. அந்த ஐந்து நாளை ஒருபோதும் குறைக்க வேண்டாம். நிமிஷத்துக்கொரு முறை முயலும்படி அமைப்பதும் வேண்டாம். தேங்கிய கடிதங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் முண்டியடித்தால், அப்போதுதான் உயிர் பெற்ற இணைப்பு மூச்சுத் திணறிவிடும். ஆனால் நான்கு மணி நேரம் தாமதமானால் அனுப்பியவருக்கு ஒரு வரி அறிவிப்பு போகும்படி செய்துவிட வேண்டும். அவசரமானால் அவர் தொலைபேசியை எடுப்பார்.

இன்னொரு பிழையும் உண்டு. பதில் எண்ணின் முதல் இலக்கம் 4 என்றால் ‘பிறகு வா’ என்று பொருள். 5 என்றால் ‘இனி வராதே’ என்று பொருள். முகவரிப் பட்டியலை வேறோர் ஊரின் கணினியில் வைத்திருப்பவர்கள், அதை எட்ட முடியாத வேளையில் தங்கள் சர்வர் 4 சொல்கிறதா, 5 சொல்கிறதா என்று கவனித்துக்கொள்ள வேண்டும். தற்காலிகத் தடங்கலுக்கு 5 சொன்னால், ஐந்து நாள் பொறுத்திருக்க வேண்டிய கடிதம் அந்த நிமிஷமே திரும்பிப் போய்விடும்.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டார ஊர்களின் பார்வை மையங்களோடு நெடுந்தூர வைஃபை வழியே இணைக்கப்பட்டு, கிராமத்து நோயாளியும் மருத்துவரும் திரையில் முகம் பார்த்துப் பேசியது பலருக்கு நினைவிருக்கலாம். அந்தப் பேச்சு கடிதத்தைப் போலக் காத்திருக்காது; ஆதலால் அதை அமைத்த பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வைஃபையின் நடைமுறையையே நெடுந்தூரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. ஆயினும் வருஷக் கணக்கில் அதைப் பராமரித்தபின் அவர்கள் கண்டது, கோளாறுகளில் பெரும்பகுதி காற்றலையால் அன்று, தரங்கெட்ட மின்சாரத்தால் விளைந்தது என்பதே. மெயில் சர்வருக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். 250 என்று கொடுத்த வாக்குறுதி, கடிதம் எழுதப்பட்ட வட்டு உள்ளவரைதான்; பாண்டியர் செப்பேடுகளால் சரித்திரத்தில் இடம்பெற்ற சின்னமனூர் ஊராருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இணைப்புக்குச் செலவிடுமுன் நல்ல யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள்.

காற்றுக்காலம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை மாலை, இணையக் கம்பியைக் கையால் பிடுங்கிவிட்டு வெளிச் சர்வரில் உள்ள உங்கள் சொந்த முகவரி ஒன்றுக்குக் கடிதம் அனுப்புங்கள். மின்சாரத்தையும் ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். ஞாயிறு மாலை கம்பியைச் செருகி, அது போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.