கண்ணாடி இழையில் கார் உறுப்புகள்

மோட்டார் வண்டியின் கூடு என்றால் இரும்புத் தகடுதான் என்பது நம்மவரிடையே ஊறிப்போன எண்ணம். ஆயினும் 1953-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் செவர்லே கம்பெனியார் ‘கார்வெட்’ வண்டிக்குக் கண்ணாடி இழைக் கூட்டைப் பொருத்தி விற்றனர். நம் நாட்டில் பெங்களூர் சிபானி நிறுவனத்தார் 1982-இல் வெளியிட்ட ‘டால்பின்’ சிற்றுந்தும் அவ்வகையதே. இங்கிலாந்தின் ‘ரிலையன்ட் கிட்டன்’ வண்டியைத் தழுவியது, 848 சி.சி. எஞ்சின் கொண்டது. எடை குறைவாதலால் ‘ராலி’ பந்தயங்களில் பெயர் பெற்றது. ஆனால் 1983 டிசம்பரில் மாருதி வெளிவந்ததும் அதை நாடுவோர் அருகினர். இரண்டே கதவுகள் என்பது ஒரு குறை. கண்ணாடி இழையின்மீது மக்களுக்கிருந்த ஐயம் மற்றொன்று. அவ்வையம் முழுதும் நியாயமானதன்று என்பது என் கருத்து.

தகட்டை வளைக்கப் பெரிய யந்திரங்கள் வேண்டும். இதற்கோ ஓர் அச்சு, மெழுகு, இழைப்பாய், பாலியெஸ்டர் ரெசின், தூரிகை, உருளை ஆகியவை போதும். சரோஜினி நகர்ப் பகுதியில் நம் பிள்ளைகள் சிலர் பம்பர், பானெட் செய்யும் இத்தொழிலில் நாட்டம் கொண்டு வினவுவதால் இதனை எழுதலானேன்.

அவர்கள் முதலில் அறிய வேண்டியது உள்ளீட்டின் தன்மை. ரயில்வே ஊழியனாதலால் தண்டவாளத்தையே உவமை கூறுகிறேன். வளைவுச் சுமையைப் பெரிதும் தாங்குவன அதன் தலையும் பாதமுமே. நடுவிலுள்ள மெல்லிய இடை அவற்றை விலக்கிப் பிடித்து நிற்கிறது. இழைத் தகடுகள் இரண்டிற்கு நடுவே உள்ளீடு செய்யும் வேலையும் அதுவே. பலகையின் கனம் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அக்கனம் முழுவதையும் இழையால் நிரப்பினால் எடையும் செலவும் ஏறிவிடும். மட்கார்டு போன்ற வளைந்த உறுப்புக்கு வளைவே விறைப்பளிக்கும். உள்ளீடு வேண்டுவது பானெட் போன்ற அகன்ற பரப்புக்கே.

எதை வைப்பது? மலிவென்று தெர்மோகோலை வைத்தால் ரெசினிலுள்ள ஸ்டைரீன் பட்டதும் அது கரைந்துவிடும். கொலு அலங்காரத்தோடு அதற்கு விடைகொடுத்து விடலாம். பாலியூரிதேன் நுரை கரையாது, செதுக்கவும் எளிது. ஆனால் நாளடைவில் அதிர்ச்சியால் பொடியும். உருவம் அமைக்க மட்டும் அதைக் கொள்க. ஈக்வடார் நாட்டுப் பால்சா மரத்தை நார் குத்துநிலையில் நிற்குமாறு அறுத்து வைத்தால் அமுக்கத்தை நன்கு தாங்கும். 1997-இல் வந்த கார்வெட்டின் அடித்தளத்தில் அதுவே உள்ளீடு. நீர் புகுந்தால் உளுத்துப்போவது அதன் குறை. விலை கூடினாலும் பி.வி.சி. நுரைப்பலகையே நம் மழைக்கு ஏற்றதென்பேன். எதுவாயினும் போல்ட் துளையிடும் இடத்தில் உள்ளீட்டை அகற்றி, இழையாலேயே கெட்டியாக நிரப்ப வேண்டும்.

ஓடும் வண்டியின் அமைப்பை மாற்றுவோர் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் படித்துக்கொள்வது நலம்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குவார்ட்டர்ஸின் மூடிய அறையில் இவ்வேலை கூடவே கூடாது. ஸ்டைரீன் ஆவி எளிதில் தீப்பற்றும், தலையைச் சுற்றும். தில்லியின் ஜூன் வெயிலில் ரெசின் விரைந்து இறுகுமாதலால் ஹார்டனரைக் குறைத்தே சேர்க்க வேண்டும். அதனைக் கோபால்ட் திரவத்துடன் நேராகக் கலந்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்கு கலக்கிய பின்னரே ஹார்டனரை ஊற்றுக. ஹார்டனர் கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வை கெடலாம். கண்ணாடி அணியாமல் டப்பாவைத் திறக்க விடாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் இருக்கட்டும்.