ஜி.ஐ. குழாயில் துத்தநாகப் பூச்சை அகற்றும் முறை

தியாகதுருகம் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தை நம்பிக் கரும்பு, நெல், மக்காச்சோளம் பயிரிடும் விவசாயிகள் பம்பு செட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் ஜி.ஐ. குழாய்களைப் பயன்படுத்துகின்றனர். இவை துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய்கள். பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. ஆகவே அவசியமின்றிப் பூச்சை அகற்றக்கூடாது. குழாய்களை இணைக்க மட்டுமானால் மரை வெட்டி சாக்கெட் போடுவதே நல்லது.

வெல்டிங் செய்தே ஆகவேண்டுமெனில் பூச்சை முன்னதாக அகற்றுதல் வேண்டும். துத்தநாகம் 907 டிகிரி சென்டிகிரேடில் ஆவியாகிவிடும். எஃகு உருகுவதற்கோ சுமார் 1,500 டிகிரி வேண்டும். எனவே வெல்டிங் சூட்டில் வெண்புகை கிளம்புகிறது. இதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், இருமல், உடல்வலி உண்டாகும். பால் குடித்தால் இது வராது என்பது தவறான நம்பிக்கை. பூச்சை நெருப்பிலிட்டு எரிப்பதும் இதே தீங்கைத் தரும்.

அரத்தால் அகற்றுதல்: சிறு விவசாயிகளுக்கு ஏற்ற முறை இதுவே. வெல்டிங் செய்யும் இடத்தின் இருபுறமும் 5 முதல் 10 செ.மீ. வரை அரம் அல்லது உப்புத்தாள் கொண்டு தேய்க்கவேண்டும். அடியிலுள்ள எஃகு தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். மேலும் தேய்த்தால் குழாய் மெலிந்துவிடும். தேய்க்கும்போது கண்ணாடியும் முகக்கவசமும் அணிவது அவசியம்.

அமிலத்தால் அகற்றுதல்: சிறு பாகங்களை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்தெடுக்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விரைவில் வேலை செய்யும். ஆனால் கவனம் தேவை. பிளாஸ்டிக் வாளியில் 2 பங்கு தண்ணீர் எடுத்து, அதில் 1 பங்கு அமிலத்தை மெல்ல ஊற்றவேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. ரப்பர் கையுறை அணிந்து, திறந்த வெளியில் செய்யவேண்டும். கிளம்பும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக் கூடியதாகையால் அருகில் பீடி, நெருப்பு ஆகாது.

நுரைத்துப் பொங்குவது அடங்கினால் துத்தநாகம் கரைந்துவிட்டது என்று பொருள். உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் அமிலம் இரும்பையே அரிக்கத் தொடங்கும்.

துருவைத் தடுத்தல்: எடுத்த பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, லிட்டருக்கு 50 கிராம் சலவை சோடா கலந்த நீரில் முக்கி, மீண்டும் கழுவித் துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். ஈரமும் அமிலமும் எஞ்சினால் ஒரு மணி நேரத்திலேயே துரு படியும். வெல்டிங்கை அன்றே முடித்து, கசடைத் தட்டி நீக்கி, துத்தநாகம் மிகுந்த பிரைமரை இருமுறை பூசவேண்டும்.

துத்தநாகம் பயிருக்கு வேண்டிய சத்துதானே என்று மீந்த அமிலக் கரைசலை வயலில் ஊற்றிவிடக் கூடாது. நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது வேறு, இது வேறு. கிணறு, வாய்க்கால், மாட்டுத் தொட்டி ஆகியவற்றின் அருகிலும் இதைக் கொண்டுசெல்லக் கூடாது. சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட்டு வீரியத்தை முறித்த பிறகே, நீர்நிலைக்கு எட்டாத தரிசில் குழி வெட்டி மூடவேண்டும்.