மும்பையில் இளவேனில்

நுழையும்முன்

கனடா நாட்டின் தொராண்டோ நகரில் வாழும் தமிழ்ச் சிறுவர்களுக்கு இளவேனில் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல மாதங்களாகத் தரையை மூடியிருந்த பனி உருகும். கனத்த மேலாடைகள் பெட்டிக்குள் போகும். மும்பையில் அவ்வாறு பனி பொழிவதில்லை. ஜனவரி மாத இரவுகளிலும் வெப்பநிலை ஏறத்தாழ 17 பாகை செல்சியசு அளவில் இருக்கும். ஆகவே, இங்கு இளவேனில் ஆரவாரமின்றி வருகிறது. அதனைக் காணக் கண்ணும் கேட்கச் செவியும் வேண்டும். கண்டதைக் கூறச் சொல்லும் வேண்டும்.

பெரும்பொழுது ஆறு

தமிழ் இலக்கண நூலார் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவை கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பனவாம். ஒவ்வொன்றும் இரண்டு திங்கள் நீடிக்கும். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். எனினும், இளவேனிலின் தூதர்கள் சித்திரை வரை காத்திருப்பதில்லை. மாசி பிறந்ததும் ஒவ்வொருவராக வரத் தொடங்குவர்.

இலையில்லா மரங்களில் செம்மலர்கள்

முதல் தூதர் இலவமரம். இலைகளை உதிர்த்து வெறுங்கிளைகளுடன் நிற்கும் அம்மரத்தில், தடித்த இதழ்களையுடைய பெரிய செந்நிறப் பூக்கள் மலரும். மராத்தியில் இதனைச் ‘சாவர்’ என்பர். ‘இலவு காத்த கிளி போல’ என்னும் பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். காய் கனியுமென்று கிளி காத்திருந்தது. காய் வெடித்துப் பஞ்சுதான் பறந்தது. கிளி ஏமாந்தாலும், பூவில் தேன் பருக வரும் மைனாவும் காகமும் ஏமாறுவதில்லை.

அடுத்தது புரசு. போரிவலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் இது தீப்பிழம்பு போலப் பூத்து நிற்பதைக் காணலாம். மராத்தியில் இதன் பெயர் ‘பளஸ்’. ஹோலிப் பண்டிகைக்குரிய வண்ணத்தை இதன் பூக்களிலிருந்து எடுக்கும் வழக்கம் உண்டு. சென்னையிலுள்ள புரசைவாக்கம் இம்மரத்தால் பெயர் பெற்றது என்பர். மூன்றாவது, ‘பாங்கரா’ என்று மராத்தியர் அழைக்கும் மரம். அதுவே நம் ஊர் வேலியோரத்துக் கல்யாண முருங்கை.

இம்மரங்கள் இலையுதிர்த்த பின்னர்ப் பூப்பது ஏன்? மும்பையில் அக்டோபருக்குப் பின் ஜூன் வரை மழை மிக அரிது. இலைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறும். ஆகவே, வறண்ட காலத்தில் மரங்கள் இலைகளை உதிர்த்து நீரைச் சேமிக்கின்றன. இலைகள் மறைக்காத செம்மலர்கள் தொலைவிலுள்ள பறவைகளுக்கும் தெளிவாகத் தெரியும். தேனுண்ண வரும் பறவைகள் மகரந்தத்தைப் பிற பூக்களுக்கு எடுத்துச் செல்லும். பின்னர்க் காய்கள் முற்றி, மழை தொடங்கும் முன் விதைகள் நிலத்தைச் சேரும். முதல் மழையில் முளைக்கும்.

செவிக்கு வரும் செய்தி

குளிர்காலத்தில் பெரும்பாலும் அமைதியாயிருந்த குயில் இப்போது கூவத் தொடங்கும். கூவுவது கருநிற ஆண்குயில்; பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளுடன் இருக்கும். குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிடும். செம்பைத் தட்டுவது போல ‘டொக், டொக்’ என்று இடைவிடாது ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் மகாராட்டிர இயற்கைப் பூங்கா உள்ளது. ஒருகாலத்தில் நகரத்துக் குப்பை குவிக்கப்பட்ட அவ்விடம் இன்று மரங்கள் அடர்ந்த சோலை. அங்குச் சென்று செவிகொடுத்துப் பாருங்கள்.

நாவிற்கு வரும் செய்தி

மாட்டுங்காச் சந்தையில் மாவடு வந்துவிட்டதா என்று நம் வீட்டுப் பெரியோர் விசாரிக்கத் தொடங்குவதும் இளவேனிலின் அடையாளமே. பின்னர் வேம்பு பூக்கும். மராத்தியர் தம் புத்தாண்டான குடி பாட்வா நாளில் வேப்பந்தளிரை வெல்லத்துடன் உண்பர். நாம் சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி உண்கிறோம். அவர்கள் திங்களின் இயக்கத்தையும் நாம் ஞாயிற்றின் இயக்கத்தையும் கொண்டு ஆண்டைக் கணக்கிடுவதால் நாள்கள் வேறுபடுகின்றன. கசப்பும் இனிப்பும் கலந்ததே வாழ்வு என்னும் கருத்து இருவர்க்கும் பொது.

பெயரறிந்து வரவேற்போம்

நான் பணிமாற்றம் பெற்று இந்நகருக்கு வந்த ஆண்டில், செம்பூரில் ஒரு மாணவி பூத்த மரமொன்றைக் காட்டி, “ஐயா, இது பாங்கரா. இதற்குத் தமிழில் பெயர் உண்டா?” என்று கேட்டாள். கல்யாண முருங்கை என்றேன். “ஆச்சி அடை சுடுவாரே, அந்த இலையா?” என்று வியந்தாள். நாள்தோறும் கண்ட மரமும் ஊரில் உண்ட அடையும் அன்றுதான் அவளுக்கு ஒன்றாயின.

பொருள் தேடிப் பிரிந்தவரை எண்ணி, இளவேனில் வந்தும் அவர் வரவில்லையே என வருந்துவதைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம் முன்னோரும் அவ்வாறு பொருள் தேடிப் பிரிந்தவர்களே. அவர்கள் விட்டுவந்த ஊரின் மரங்கள் பல இங்கும் பூக்கின்றன. அவற்றின் தமிழ்ப் பெயரை நாம் சொல்லாவிடில் அச்சொல் நம் வீட்டில் வழக்கொழியும். மரத்தின் மராத்திப் பெயரை அண்டை வீட்டாரிடமும் தமிழ்ப் பெயரை வீட்டுப் பெரியோரிடமும் கேட்டறிவோம். இரு பெயராலும் அழைத்து இளவேனிலை வரவேற்போம்.

சொற்பொருள்
திங்கள் – மாதம், நிலவு. ஞாயிறு – சூரியன். மாவடு – மாம்பிஞ்சு

வினாக்கள்
1. இலவமரம் இலையுதிர்த்த பின்னர்ப் பூப்பதால் விளையும் நன்மைகள் யாவை?
2. தமிழர், மராத்தியர் புத்தாண்டு நாள்கள் வேறுபடுவது ஏன்?

செயல்பாடு
உம் வீட்டருகே உள்ள ஐந்து மரங்களின் தமிழ்ப் பெயரையும் மராத்திப் பெயரையும் அறிந்து, அவை பூக்கும் மாதத்துடன் அட்டவணைப்படுத்துக.