கணுவும் கல்லும்

மூங்கில் மரமா, புல்லா? பதுளையில் என் மாணாக்கரை வினவினால் மரம் என்றே விடை வரும். தொல்காப்பியரோ புல் என்பார். புறத்தே வயிரம் உடையது புல். அகத்தே வயிரம் உடையது மரம். இஃது அவர் வகுத்த இலக்கணம். இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல்லினத்திலேயே வைக்கின்றது.

இந்தப் புல்லைச் சீனத்துப் புலவர்கள் சான்றோனாகக் கண்டனர். அதன் உள்ளே வெறுமை, அது செருக்கின்மை. காற்றுக்கு வளையும், முறியாது. பனியிலும் பசுமை மாறாது. கணுவைக் குறிக்கும் சீனச் சொல்லே ஒழுக்க உறுதியையும் குறிக்கும். அருகே நிற்கும் பாறையோ அசையாமையின் வடிவம். வளைதலும் நிலைத்தலும் ஒரே தாளில் அமைகின்றன. நம்மவர் உள்ளுறை என்று சொல்லால் செய்ததை அவர் தூரிகையால் செய்தனர் என்க.

இவ்வோவியத்திற்கு வண்ணம் வேண்டா. கருமை ஒன்றே போதும். எழுதும் தூரிகையே தீட்டும் தூரிகை. ஓர் இலைக்கு ஒரு வீச்சு; அழித்துத் திருத்த இடமில்லை. 11-ஆம் நூற்றாண்டினரான வென் தோங், தூரிகை எடுக்குமுன் முழு மூங்கிலையும் நெஞ்சில் நிறுத்துவார் என்று அவர் நண்பர் சூ ஷி எழுதினார். பாறைக்கு உலர்ந்த தூரிகை. கீற்றுகளிடையே தெரியும் தாளின் வெண்மையே கல்லின் சொரசொரப்பாகும். ஆதலின் தீட்டாத இடத்தையும் பார்க்கப் பழகுதல் வேண்டும்.

1693-இல் பிறந்த ஜெங் சியே என்னும் ஓவியர், வெய் என்னும் மாவட்டத்தில் அதிகாரியாய் இருந்தார். மேலதிகாரி ஒருவருக்கு மூங்கில் ஓவியம் தீட்டி, அதனொடு கவிதை ஒன்றும் எழுதினார். அலுவலகத்து அறையில் கிடந்தபோது கேட்ட மூங்கிலின் சலசலப்பு, துன்புறும் குடிகளின் குரலோ என்று தாம் ஐயுற்றதை அதில் கூறுகின்றார்.

கலைநயத்தினும் பெரிதொன்றை யான் இங்குக் காண்கின்றேன். ஊவாத் தோட்டங்களின் ஓடைக்கரைகளிலும் மூங்கில் உண்டு, பாறையும் உண்டு. குறிஞ்சி கற்பிக்கும் நமக்கு, வேய் என்றவுடன் தலைவியின் தோள் நினைவில் எழுகின்றது. நன்று. ஆனால் அவ்வேய்க்கு அப்பால் லயங்கள் உள்ளன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்டு, அக்குறை தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த மக்களின் வழிவந்தோர் அங்கே வாழ்கின்றனர். நம் வகுப்பில் அமர்ந்திருப்போர் அவர்தம் பிள்ளைகள் அல்லரோ?

மூங்கிலில் தோளைக் காண்பது புலமை. குரலைக் கேட்பது சான்றாண்மை. நம் பாடத்தில் இரண்டிற்கும் இடம் வைப்போமாக.