வராதவர் எந்தக் கணக்கில்?

2025-க்குள் 7.5 கோடி ரத்த அழுத்த, சர்க்கரை நோயாளிகளைத் தரமான சிகிச்சைக்குள் கொண்டுவருவதாக 2023 மே 17 அன்று மத்திய சுகாதாரத் துறை அறிவித்தது. கெடு நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் எழுந்தது ஒரே குழப்பம்: ‘சிகிச்சையில் இருப்பவர்’ என்றால் நோய் கட்டுக்குள் வந்தவரா?

இல்லை. பதிவேட்டில் பெயர் ஏறி, சிகிச்சை தொடங்கியவர். அவ்வளவுதான். 2025 மார்ச் 5 வரை ரத்த அழுத்தத்துக்கு 4.2 கோடி, சர்க்கரைக்கு 2.53 கோடி, இலக்கில் 89.7 சதவீதம் என்றது அரசு. இரண்டையும் கூட்டினால்தான் அந்தச் சதவீதம் வருகிறது. இரண்டு நோயும் உள்ளவர் ஒருவரா, இருவரா?

உருப்படியான கேள்வி, எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இருக்கிறது என்பது. 2017-இல் தொடங்கிய இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் இதை அளக்கிறது. அதன் விதியில் ஒரு நேர்மை உண்டு. ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1,000 பேர் பதிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கடந்த 3 மாதத்தில் வந்தவர் 600, அவர்களில் கட்டுக்குள் இருப்பவர் 420. வந்தவரை மட்டும் எண்ணினால் 70 சதவீதம் என்று மார்தட்டலாம். விதி அதை ஏற்பதில்லை. வராதவரும் கட்டுக்குள் வராதவரே, விடை 42.

ஆனால் 12 மாதம் தலைகாட்டாதவர் ‘பராமரிப்பில் இல்லாதவர்’ ஆகி, வகுக்கும் எண்ணிலிருந்தே விழுந்துவிடுகிறார். அப்படி 200 பேர் விழுந்தால் 800-க்கு 420, அதாவது 52.5. யாருக்கும் அழுத்தம் குறையவில்லை. சதவீதம் மட்டும் பத்துப் புள்ளிகளுக்கு மேல் ஏறிவிட்டது. வியாசர்பாடியில் பதிந்தவர் பெரும்பாக்கத்துக்குக் குடிபெயரும் சென்னை போன்ற நகரில் இது சின்ன ஓட்டை அல்ல. மாறாக, நோய் இருப்பதே தெரியாதவரையும் சேர்த்து எண்ணிய 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு ஆய்வில், கட்டுக்குள் இருந்தவர் வெறும் 7.3 சதவீதம்.

ஒரு அளவீடு போதுமா? கடைசி வருகையின் அளவே கணக்கு. 142 வந்தால், “கொஞ்சம் உட்காருங்க, மறுபடி பார்க்கலாம்” என்பார் நர்ஸ், முறையும் அதுதான். 138 வந்தவரைப் பெரும்பாலும் உட்காரச் சொல்வதில்லை.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொள்பவர்? வராதவர்தான்.

இறந்தவர்? நீக்கப்படுவார், அது சரி.

உங்கள் பகுதி நிலையம் ஒரு சதவீதத்தைச் சொன்னால், ஓராண்டாக வராதவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.