கொற்கையை விட்டுக் கடல் போன கதை

கடம்பூர்ப் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவர்களுக்கு மண்ணைப் படிக்கத் தெரியும். மேலே கரிசல், அதன் கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை. கடப்பாரை விழும் ஓசையைக் கேட்டே அடுத்து என்ன வரும் என்று சொல்லிவிடுவார்கள்.

விஞ்ஞானிகளும் ஒருவகையில் கிணறு வெட்டுகிறவர்கள்தான். ஆனால், அவர்கள் தேடுவது தண்ணீரை அல்ல, போன காலத்தை!

முத்துத் துறை

கடம்பூருக்குத் தென்கிழக்கே, தாமிரபரணிக்கு வடக்கே இருக்கிறது கொற்கை. இன்று அது ஒரு சிற்றூர். வயலும் வாழையும் சூழ்ந்த ஊர். கடலைப் பார்க்க வேண்டுமானால் 6, 7 கிலோமீட்டர் போகவேண்டும்.

ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் இதுதான் பாண்டியரின் பெருந்துறை. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு இங்கே முத்துக் குளித்ததாக, முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கடல் எங்கே போயிற்று?

1870-களில் கால்டுவெல் பாதிரியார் இங்கே தோண்டிப் பார்த்தார். வயல் மண்ணுக்கு அடியில் கடற்சிப்பிகள் கிடந்தன. 1968-69-ல் தமிழகத் தொல்பொருள் துறையினர் அகழ்ந்தபோது உறைகிணறும் பானை ஓடுகளும் கிடைத்தன. அங்கே கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில் அதன் வயது சுமார் கி.மு. 785 என்று தெரிந்தது.

கடலைத் தள்ளியது யார்? தாமிரபரணிதான்! ஆண்டுதோறும் வெள்ளத்தில் வந்த வண்டல் கரையை மேடாக்கிக்கொண்டே போயிற்று. கப்பல் வரமுடியாத துறையில் வணிகனுக்கு என்ன வேலை? வாணிகம் கடலைத் தேடிக் காயலுக்கு நகர்ந்தது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் யாத்ரீகர் மார்க்கோ போலோ பார்த்தது அந்தக் காயலைத்தான். அரபுக் குதிரைகள் அங்கே வந்து இறங்கின. பிறகு காயலும் மேடிட்டது. அடுத்து புன்னைக்காயல், அதற்கும் அடுத்து தூத்துக்குடி. ஒரே துறைமுகம்தான்; ஊர்ப் பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது!

தேரி சொல்லும் கதை

கொற்கையை விடப் பழைய சாட்சியும் உண்டு. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கங்களில் சிவந்த மணல் மேடுகளைக் காணலாம். இவைதான் தேரிகள். இவற்றில் விரல் நகம் அளவுள்ள கல் கருவிகள் கிடைக்கின்றன.

லண்டன் பேராசிரியர் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சின் அம்மையாரும் இவற்றை ஆராய்ந்து 1956-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழைய கடல் மட்டத்தோடு மணல் மேடுகளைப் பொருத்திப் பார்த்து, அந்த வேட்டுவர்களின் காலம் சுமார் கி.மு. 4000 என்று மதிப்பிட்டார்கள்.

கடல் மட்டம் ஏன் மாறுகிறது? அதற்கு விடை துருவத்துப் பனியில் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் தண்ணீரில் ஒரு பங்கு நிலத்தின் மேல் பனியாக உறைந்து கிடந்தது. கடல் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அன்று இலங்கைக்குக் கால்நடையாகவே போய்வரலாம்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்பத் தம்ளரில் மிதக்கும் ஐஸ்கட்டி கரைந்தால் சர்பத் வழிவதில்லை. அதுபோல, கடலில் மிதக்கும் பனி உருகுவதால் கடல் ஏறுவதில்லை. நிலத்துப் பனி உருகி ஓடிவந்தால் ஏறும்.

ஆளில்லாமல் போன குடியேற்றம்

மிதக்கும் பனிக்கு வேறொரு வலிமை உண்டு. அது வழியை அடைத்துவிடும். 985-ம் ஆண்டு வாக்கில் கிரீன்லாந்தில் நார்வே இனத்தார் குடியேறினார்கள். பின்னர் குளிர் மிகுந்தது. கடலில் பனி பெருகியது. கப்பல் வரத்து குறைந்தது. 1408-ல் அங்கே நடந்த ஒரு திருமணம்தான் அவர்களைப் பற்றிய கடைசிக் குறிப்பு. தந்த வியாபாரம் படுத்ததும், அந்தக் கரையில் கடல் ஏறியதும் கூடச் சேர்ந்தன என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

அன்று இருந்த பனியை இன்று எப்படி அளப்பது? பனிக்கட்டியின் அடியில் ஒருவகை நுண்பாசி வளர்கிறது. அது விட்டுச் செல்லும் ஒரு கொழுப்புப் பொருள் கடலடிச் சேற்றில் அழியாமல் தங்குகிறது. குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, எந்த அடுக்கில் அந்தப் பொருள் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். நம் ஊர்க் கிணறு வெட்டும் கதைதான்!

1979 முதல் செயற்கைக் கோள்கள் அந்தப் பனியை அளந்து வருகின்றன. 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அளக்கத் தொடங்கிய நாள் முதல் அதுவரை காணாத சுருக்கம் அது. வடதுருவ ஆராய்ச்சிக்காக ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008 முதல் இந்தியாவுக்கும் ‘ஹிமாத்ரி’ என்ற நிலையம் இருக்கிறது.

துருவத்துப் பனியைப் பற்றிக் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு என்ன கவலை என்று கேட்கலாம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மழை பொய்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது ஊர்கள் மூழ்கின. தண்ணீர் விலகினாலும் ஊர் பெயரும், மிஞ்சினாலும் பெயரும்.

ஐப்பசியில் விதைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும் கடம்பூர்ச் சம்சாரிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.