ஆர்டரைத் தேடிப் போகும் கோஸ்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில் இருக்கிறது திரிங்காப். இந்த வட்டாரத்துக் கோஸும் தக்காளியும் சாலட்டும் காலத்தோடு லோரி ஏறினால்தான், இரவில் வியாபாரம் சூடுபிடிக்கும் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேரும். அதற்குமுன் நடக்கும் வேலைதான் ஆர்டர் எடுத்துச் சேர்ப்பது. கிடங்குத் தொழிலில் ‘பிக்கிங்’ என்பார்கள். யார் எதை எவ்வளவு கேட்டாரோ, அதை அப்படியே எடுத்து அவர் பெயரில் சேர்த்து வைக்க வேண்டும்.

சொல்வதற்கு எளிது. ஆனால் கிடங்கை நடத்தும் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போகிறது என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எடுக்கிற நேரத்தைவிட நடக்கிற நேரம்தான் அதிகம்.

இந்த நடையைக் குறைக்கும் வழி சரக்குக்குச் சரக்கு மாறும். முதலில் தேயிலை. 1929இல் தொடங்கிய ‘போ’ தோட்டம் முதல் இம்மலையின் தேயிலை, தூளாகவும் பையாகவும் பல வகையில் பெட்டியாகிறது. மாதக்கணக்கில் கெடாது என்பதால் ரேக்கில் அடுக்கி வைக்கலாம். ஈப்போ கடைக்காரர் ஒருவர் 5 பெட்டித் தூளும் 2 பெட்டிப் பையும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலும் கையுமாக ஒருவர் ரேக் ரேக்காகப் போய் எடுத்து வருவார். ஒவ்வோர் ஆர்டருக்கும் இப்படித் தனித்தனியாக நடந்தால் தவறு குறையும், கால் வலிக்கும். 10 ஆர்டருக்கான தூளை ஒரே நடையில் அள்ளி வந்து பிரித்தால் நடை மிச்சம். பெயர் மாறிப்போகும் ஆபத்து கூடும். எந்த முறையானாலும், அதிகம் ஓடும் சரக்கு வாசலுக்குப் பக்கத்தில், குனியாமல் எடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். பழைய தேதிப் பெட்டி முன்னால். தேயிலை பிற வாசனையை இழுத்துக்கொள்ளும், மசாலாவோடு சேர்க்கவே கூடாது.

காய்கறியில் எல்லாம் தலைகீழ். வந்த சரக்கை வைத்திருந்து விற்க முடியாது. அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் இடம் ஒதுக்கி, வந்ததை அங்கங்கே போட்டுவிடுவதுதான் இதற்கு ஏற்ற முறை. 40 பாக்குல் (கூடை) கோஸ் இறங்குகிறது: ஒருவருக்கு 12, அடுத்தவருக்கு 8, மூன்றாமவருக்கு 20. கடைசியில் ஒரு பாக்குல் மிஞ்சினால், யாருக்கோ குறைந்திருக்கிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். எந்தக் கணினியும் இல்லாமல் சரக்கே கணக்குச் சொல்கிறது. என்னைக் கேட்டால், இதுதான் கெட்டிக்கார முறை. சரக்கை நகர்த்தி ஆளின் நடையைக் குறைக்கும் யோசனைக்காகத்தான், ரேக்கையே ஆளிடம் கொண்டுவரும் ரோபோக்களைச் செய்த கீவா நிறுவனத்தை அமேசான் 2012இல் 77.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

பிரித்ததோடு முடியவில்லை, ஏற்றுவதிலும் வரிசை உண்டு. சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவில் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பினாங்குக்குப் போகிற லோரி என்றால், பினாங்குச் சரக்கு முதலில் ஏற வேண்டும், ஈப்போவுக்கானது கதவோரம். கோஸ் அடியில், சாலட் மேலே. பழுக்கும் தக்காளி விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும், ஆகவே இரண்டையும் தள்ளி வைப்பது நல்லது.

லோரி மலையிறங்கிய பிறகு, விட்டுப்போன ஒரு பாக்குலுக்காக இன்னொரு லோரி வராது. கடை வைத்திருப்பவர்களே, சரக்கு இறங்கும்போதே எண்ணிப் பார்த்துவிட்டு டிஓவில் (டெலிவரி ஆர்டரில்) கையெழுத்துப் போடுங்கள்.